மூன்று ரப்பர் கட்டைகள்

மாருதி 800-இன் பானெட்டைத் தூக்கிப் பார்த்த யாருக்கும் இரண்டு கேள்விகள் எழுந்திருக்கும். இவ்வளவு இரும்பையும் அலுமினியத்தையும் இந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி நுழைத்தார்கள்? மொத்தமாக மாற்ற வேண்டி வந்தால் இதை எப்படி வெளியே எடுப்பார்கள்?

எஞ்சின் ஓடும்போது உற்றுக் கவனித்தவர்களுக்கு மூன்றாவதாக இன்னொரு கேள்வியும் இருக்கும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிற எஞ்சின் அது. ஆனால் கார் நிற்கும்போது அது தன் இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி கிளட்சை விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அப்படியானால் அது காரின் உடம்போடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லையா? ஆடுகிற ஒன்று சுமார் 650 கிலோ எடையுள்ள காரை எப்படி இழுக்கிறது?

எஞ்சினைக் கழற்றி மாற்றும் வேலையைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். எஞ்சின் தனித்து இயங்குவதில்லை. காற்று, பெட்ரோல், தண்ணீர், மின்சாரம், டிரைவரின் கட்டளை ஆகியவை அதற்குள் போகின்றன. புகையும் சூடும் சுழற்சியும் அதிலிருந்து வெளியே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாயோ கம்பியோ தண்டோ இருக்கிறது. அவற்றையெல்லாம் விடுவித்தபின் மிஞ்சுவது வெறும் எடை. அந்த எடையைத் தாங்குவது மூன்று ரப்பர் கட்டைகள்.

அனுபவமுள்ள ஒரு மெக்கானிக், ஒரு உதவியாளர், சமதளமான சிமெண்ட் தரை, ஒரு செயின் பிளாக், நல்ல ஸ்பேனர் செட் ஆகியவை இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியும். அதற்குக் காரணம் இந்தக் காரை வடிவமைத்த விதம்.

குறுக்கே படுத்த எஞ்சின்

மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. ஜப்பானின் சுஸுகி நிறுவனத்தின் சிறு காரை அடிப்படையாகக் கொண்டது அது. 1986-இல் உடல் வடிவம் மாறியது. 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலான வண்டிகளின் நெஞ்சில் இருந்தது எஃப்8பி என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்.

பெயரில் உள்ள 800 சற்றே கூட்டிச் சொன்ன கணக்கு. உண்மையான கொள்ளளவு 796 சிசி. ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு பிஸ்டன் ஒருமுறை இறங்கும்போது கால் லிட்டருக்குச் சற்று அதிகமான இடம் திறக்கிறது. மூன்றையும் கூட்டினால் 796 கன சென்டிமீட்டர் வருகிறது.

அந்தக் காலத்து அம்பாசடரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் கார் முழுதும் ஓடும் நீண்ட தண்டு, கடைசியில் பின் ஆக்ஸில். மாருதியில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கிறது. அது ஓட்டுவது முன்சக்கரங்களை.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு முன்னோடிகள் உண்டு. 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இடம் மிச்சமானது, ஆனால் எஞ்சினும் கியரும் ஒரே ஆயிலைப் பகிர வேண்டியிருந்தது. 1964-இல் ஃபியட்டின் டான்டே ஜியகோசா இதற்கு வேறு வழி கண்டார். ஆட்டோபியாங்கி பிரிமூலா என்ற காரில் கியர்பாக்ஸை எஞ்சினின் பக்கவாட்டில், அதே வரிசையில் பொருத்தினார். இரண்டுக்கும் தனித்தனி ஆயில். இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு நீளத்திலும் வலப்பக்கச் சக்கரத்துக்கு வேறு நீளத்திலும் தண்டுகள். மாருதி 800 உட்பட இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை ஜியகோசாவின் வழியைப் பின்பற்றுபவை.

இதனால் வீட்டில் வேலை செய்பவருக்கு என்ன லாபம்? எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் எல்லாம் ஒரே கட்டாக இருக்கின்றன. அந்தக் கட்டை அப்படியே வெளியே எடுத்து, தரையில் வைத்து, நிதானமாகப் பிரிக்கலாம்.

கழற்றத்தான் வேண்டுமா?

புகை வருகிறது, இழுவை இல்லை என்றதும் எஞ்சினையே மாற்றிவிடத் தோன்றும். அதற்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். மூன்று சிலிண்டர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், அழுத்தம் எங்கோ கசிகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆயில் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் இறங்கித் தற்காலிகமாக அதை அடைக்கும். இப்போது அழுத்தம் ஏறினால் தேய்ந்திருப்பது ரிங்கோ சிலிண்டர் சுவரோ. ஏறவில்லை என்றால் குறை வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. வால்வையும் கேஸ்கட்டையும் சரிசெய்ய ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். எஞ்சின் காரிலேயே இருக்கலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தாலோ, கிராங்க் தண்டின் பேரிங் தட்டும் சத்தம் கேட்டாலோதான் மொத்தக் கட்டும் வெளியே வர வேண்டும்.

கிராங்க் தண்டு என்பது பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டு. எஞ்சினின் முதுகெலும்பு அதுதான்.

முதலில் மின்சாரம்

வேலை பேட்டரியில் தொடங்குகிறது. எதிர்முனை டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனை அதற்குப் பிறகுதான். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் இரும்பு உடம்பே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. எதிர்முனை அந்த உடம்போடு இணைந்திருக்கிறது. முதலில் நேர்முனையைக் கழற்றப் போய், ஸ்பேனரின் மறுமுனை உடம்பில் பட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியே பாயும். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கும், கை வெந்துபோகும். எதிர்முனை முதலில் விலகிவிட்டால் திரும்பும் பாதை இல்லை. ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஆபத்து இல்லை.

அடுத்தது தண்ணீர். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலையும் கூடும். 100 டிகிரியைத் தாண்டி 120-ஐ நெருங்கும்வரை தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, அத்தனை தண்ணீரும் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீய்ச்சும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். வடித்த தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்ட் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் அதைப் பிடிப்பது அவசியம்.

பிறகு பெட்ரோல். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் குழாயில் அழுத்தம் அதிகம் இருக்காது. பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் எஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். ஃபியூவல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். ஆகவே இதை மட்டும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரம் போகும். பத்தடி தள்ளி எரியும் அடுப்புக்கூட அதைப் பற்றவைக்கலாம்.

இப்படியே ஒவ்வொன்றாக விலகுகிறது. காற்று வடிகட்டி, சைலன்சரின் முன்குழாய், ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள், ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், கியர் மாற்றும் கம்பி. ஒவ்வோர் ஒயரையும் கழற்றும்போதே ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள் தேர்ந்த மெக்கானிக்குகள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், வந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனிக் கவர்களில் போடுவார்கள். திரும்பப் பொருத்தும் நாளில் இந்தப் பழக்கம் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சக்கரத்துக்குப் போகும் வழி

உள்ளே போகும் வழிகள் விலகிய பிறகு, வெளியே வரும் மிக முக்கியமான வழி மிஞ்சியிருக்கிறது. அது டிரைவ் ஷாஃப்ட் எனப்படும் இரண்டு தண்டுகள். கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது இவைதான்.

முன்சக்கரத்துக்கு இரண்டு வேலைகள். மேடுபள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். இரண்டையும் செய்துகொண்டே சுழற்சியையும் வாங்க வேண்டும். லாரியின் நீண்ட தண்டில் இருக்கும் சிலுவை மூட்டை இங்கே போட்டால், மூட்டு வளையும்போது சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் கார் குலுங்கிக் குலுங்கிப் போகும்.

1920-களில் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டு தண்டுகளுக்கு நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். தண்டுகள் எந்தக் கோணத்தில் வளைந்தாலும், குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும்படி பள்ளங்களைச் செதுக்கினார். அதனால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் எப்போதும் சமம். இதைச் சமவேக மூட்டு என்று அழைக்கலாம். ஒர்க்‌ஷாப்களில் சிவி ஜாயிண்ட் என்பார்கள். முன்சக்கரத்தால் ஓடும் கார்கள் பரவ வழிதிறந்தது இந்த மூட்டு.

கழற்றும்போது சக்கர நடுநட்டைத் தளர்த்தி, கீழ் ஆர்மின் பால் ஜாயிண்டை விடுவித்து, ஹப்பை வெளிப்பக்கமாக இழுத்தால் தண்டின் ஒரு முனை விடுபடும். மறுமுனையை கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். அதற்குமுன் கியர் ஆயிலை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அது தரையில்தான் வடியும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க இதுவே நேரம். உறை கிழிந்தால் கிரீஸ் போய் மண் புகும்; கொஞ்ச நாளில் திருப்பத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும்.

இப்போது எஞ்சினுக்கும் காருக்கும் மிஞ்சியிருப்பது அந்த மூன்று கட்டைகளின் உறவு மட்டும்.

ரப்பர் எதற்கு?

மாருதியின் எஞ்சின் கட்டு மூன்று இடங்களில் காரின் உடம்பைத் தொடுகிறது: இடம், வலம், பின்புறம். ஒவ்வோர் இடத்திலும் இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டவைத்த ரப்பர் கட்டை. மவுண்டிங் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். இதற்குப் பதிலாக நேராக இரும்போடு இரும்பாக முடுக்கிவிட்டால் என்ன?

கார் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 15 சுற்று. நான்கு ஓட்ட எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றில் மூன்று வெடிப்பு. நொடிக்கு 22 அல்லது 23. ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினை ஒரு தட்டுத் தட்டுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் இரண்டிரண்டாக எதிரெதிராகப் போய்வருவதால் முன்னும் பின்னுமான ஆட்டம் ஒன்றையொன்று சமன்செய்கிறது. மூன்று சிலிண்டரில் ஒரு முனை மேலே போகும்போது மறுமுனை கீழே வருவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் முனைக்கு முனை ஆட முயல்கிறது.

எந்தப் பொருளையும் ஸ்பிரிங் மேல் வைத்தால், அது தனக்கே உரிய ஒரு வேகத்தில் ஆடும். அதை இயல்பதிர்வு எனலாம். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகிறது. இசைவில்லாமல் படபடவென்று வேகமாகத் தட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எஞ்சினின் இயல்பதிர்வை வெடிப்புகளின் வேகத்தைவிட நன்றாகக் கீழே வைத்துவிட்டால், நடுக்கம் எஞ்சினோடு நின்றுவிடும்; சீட்டுக்கு வராது. அதற்கு ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும்.

இவ்வளவு மெத்தென்ற ரப்பர் எஞ்சினைப் பிடித்து நிறுத்துமா? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு கணக்கு

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 100 கிலோ என்று கொள்வோம். மூன்று கட்டைகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் முப்பத்துச் சொச்சம் கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. இது மட்டும்தான் சுமை என்றால் கட்டைகளுக்குக் கஷ்டமே இல்லை.

ஆனால் எஞ்சின் சுழற்றுகிறது. சுழற்றும் திறனைத் திருப்புவிசை என்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் எத்தனை கிலோவைத் தொங்கவிட்டால் சுழற்சி தடைபட்டு நிற்குமோ, அதுவே அதன் அளவு. மாருதி 800 எஞ்சினின் அதிகபட்சத் திருப்புவிசை சுமார் 6 கிலோ. அதாவது கிராங்க் தண்டில் ஒரு மீட்டர் கம்பியைக் கட்டி நுனியில் ஆறு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால், எஞ்சின் தன் முழு வலுவோடும் அதைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குமேல் முடியாது.

ஆறு கிலோவால் காரை நகர்த்த முடியாது. கியர்பாக்ஸ் இருப்பது இதற்காகத்தான். முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் சுமார் 15 முறை சுற்றுகிறது. வேகம் பதினைந்தில் ஒன்றாகக் குறைகிறது. திருப்புவிசை பதினைந்து மடங்காகிறது. ஆறு பெருக்கல் பதினைந்து, 90 கிலோ. உராய்வில் போவதைக் கழிக்காமல் சொன்னால், முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு மீட்டர் கம்பியில் 90 கிலோவைத் தாங்கும் வலுவோடு சுழல்கின்றன.

நியூட்டனின் மூன்றாம் விதி இங்கேதான் வருகிறது. எஞ்சின் கட்டு சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றுகிறது. அதே அளவு வலுவோடு சக்கரங்கள் எஞ்சின் கட்டைப் பின்னோக்கிச் சுழற்றுகின்றன. அம்பாசடரில் கடைசிப் பல்சக்கரங்கள் பின் ஆக்ஸிலில் தனியாக இருக்கின்றன. அங்கே கூடும் திருப்புவிசையின் எதிர்வினையை ஆக்ஸிலும் அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளும் ஏற்றுக்கொள்ளும். மாருதியில் எல்லாம் ஒரே கட்டு. எனவே முழு 90 கிலோவின் எதிர்வினையும் எஞ்சின் கட்டின் மேலேயே விழுகிறது. எஞ்சின் சாய முயலும் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு ரப்பர் கட்டை இருந்தால், தூரம் பாதியாவதால் விசை இரட்டிப்பாகும். அந்தக் கட்டையின் மேல் 180 கிலோ!

மொத்த எஞ்சின் கட்டின் எடையைவிட இது ஏறக்குறைய இரு மடங்கு. முதல் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளம்பும் நேரத்தில், கட்டைகளுக்கு எஞ்சினைச் சுமப்பதைவிட அது திரும்பிவிடாமல் தடுப்பதுதான் பெரிய வேலை. ரிவர்ஸ் கியரில் அதே சுமை எதிர்த்திசையில் வருகிறது. நான்காம் கியரில் எஞ்சின் நாலு சுற்று சுற்றினாலே சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிடும். சுமையும் நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் நெடுஞ்சாலையில் எஞ்சின் அசையாமல் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது.

ரப்பர் கிழிந்த காரில் கிளட்சை விட்டதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். கியர் நழுவும். எஞ்சினோடு சேர்ந்து ஆடும் சைலன்சர் குழாய் நாளடைவில் விரியும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயந்து வருபவர்களில் சிலருக்கு மவுண்டிங்கை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

தூக்கும் நேரம்

மவுண்டிங் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன்பே எடை செயின் பிளாக்கில் ஏறியிருக்க வேண்டும். செயின் பிளாக்கின் தத்துவம் கியர்பாக்ஸின் தத்துவமேதான்: கைச்சங்கிலியை நிறைய நீளம் இழுத்தால் கொக்கி கொஞ்சமே உயரும், அதற்கு ஈடாக இழுப்பவரின் சிறு வலு பெரும் வலுவாகிறது. கையை எடுத்தாலும் எடை இறங்காதபடி உள்ளே ஒரு பிரேக் பிடித்துக்கொள்ளும்.

செயின் பிளாக்கை எதில் மாட்டுவது? கிராமத்து வீடுகளில் வேப்பமரக் கிளையிலும் ஓட்டு வீட்டுச் சட்டத்திலும் மாட்டுவதைப் பார்க்கலாம். இது பெரிய ஆபத்து. கிளை எத்தனை கிலோ தாங்கும் என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. உள்ளே உளுத்திருந்தால் வெளியே தெரியாது. தாங்கும் எடை பொறிக்கப்பட்ட இரும்பு முக்காலியோ, சக்கரம் வைத்த எஞ்சின் கிரேனோ வாடகைக்கு எடுப்பதே சரி. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ தலையோ போகக் கூடாது. கார் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக் கூடாது. ஸ்டாண்டுகள் வைத்து, பின்சக்கரங்களுக்கு அடை கொடுத்திருக்க வேண்டும்.

தொங்கும் பொருளின் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, எப்போதும் கொக்கிக்கு நேர்கீழே வந்து நிற்கும். எஞ்சின் பக்கம் கனம், கியர்பாக்ஸ் பக்கம் லேசு. சங்கிலியை நடுவில் மாட்டினால் எஞ்சின் முனை சரியும். அதனால் மெக்கானிக் சங்கிலியைக் கனமான பக்கமாகத் தள்ளி மாட்டி, கட்டு தன் இடத்திலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்ததும் நிறுத்தி, சாய்மானத்தைப் பார்ப்பார். மறந்துபோன ஒயர் ஏதாவது இழுபடுகிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்ப்பதும் இப்போதுதான். பிறகே மிச்ச உயரம்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தூக்கும் வேலையே இல்லை. காற்றால் குளிரும் அதன் எஞ்சின் பின்பக்கம், கியர்பாக்ஸோடு நான்கு போல்ட்டுகளால் மட்டுமே பிணைந்தது. ரேடியேட்டரும் கிடையாது. அடியில் ஜாக்கி வைத்து, பின்னுக்கு இழுத்து, கீழே இறக்கிவிடலாம். வீட்டிலேயே எஞ்சின் மாற்றும் பழக்கம் பல நாடுகளில் பரவ அந்தக் கார் ஒரு காரணம்.

மறுபடி உள்ளே

வெளியே வந்த கட்டிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது அதன் எடையைத் தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிளட்ச் தகட்டின் நடுவே நுழைந்திருக்கும் தண்டில் எடை தொங்கினால் தகடு வளைந்துவிடும். கிளட்ச் தகடு, ரிலீஸ் பேரிங், கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் ஆகியவற்றை இப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். விலை அதிகமில்லை, காருக்குள் இருக்கும்போது இவற்றை எட்டுவதுதான் கஷ்டம். டைமிங் பெல்ட்டும் அப்படியே.

கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் பொருத்தும் வரிசை வரும். மவுண்டிங் போல்ட்டுகளை மட்டும் எடுத்த எடுப்பில் முடுக்கக் கூடாது. மூன்றையும் கையால் மாட்டி, எஞ்சின் தன் எடையில் தானே அமர்ந்த பிறகு முடுக்கினால்தான் ரப்பர் முறுகாமல் இருக்கும்.

அடிக்கடி மறந்துபோகும் ஒரு பாகம், எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டை. ரப்பர் நடுக்கத்தைத் தடுப்பதுபோலவே மின்சாரத்தையும் தடுக்கிறது. மூன்று ரப்பர் கட்டைகளின் மேல் அமர்ந்த எஞ்சின், மின்சாரத்தைப் பொறுத்தவரை காரோடு சேராத தீவு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாயும் பெரும் மின்னோட்டம் திரும்பிப் போக அந்தப் பட்டைதான் வழி. அது இல்லாவிட்டால் மின்சாரம் கிடைத்த உலோகத்தில் எல்லாம் புகுந்து போகும். ஆக்ஸிலேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் மெல்லிய எஃகுக் கம்பிகள். அந்த மின்னோட்டத்தில் சூடேறி, உறை உருகி, சிக்கிக்கொள்ளும். புதிதாக எஞ்சின் மாற்றிய காரில் கேபிள் புகைந்தால் முதலில் தேட வேண்டியது எர்த் பட்டையை.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஊற்றி, கூலன்ட் நிரப்பி, பேட்டரியை நேர்முனை முதலாகவும் எதிர்முனை கடைசியாகவும் மாட்டியதும் சாவியைத் திருகத் தோன்றும். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

1883-இல் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் இருந்த ஆயில் துளையை அடைத்துவைத்தார். சுழலும் தண்டு அந்த அடைப்பைப் பிதுக்கி வெளியே தள்ளியது. தண்டு பேரிங்கின் மேல் உரசி ஓடவில்லை, தானே இழுத்துக்கொண்ட ஆயில் படலத்தின் அழுத்தத்தில் மிதந்து ஓடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். கிராங்க் தண்டும் அப்படித்தான் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடாதவரை தேய்மானம் மிகக் குறைவு.

மாற்றிய எஞ்சின் பல நாள் ஓடாமல் கிடந்திருக்கும். ஆயில் முழுதும் கீழே வடிந்திருக்கும். படலம் இல்லாமல் முதல் வெடிப்பின் சுமை விழுந்தால் பேரிங் கீறும். அதனால் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, தீப்பொறியையும் பெட்ரோலையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். வெடிப்பு இல்லாததால் சுமை இல்லை. ஆயில் பம்ப் எல்லா வழிகளையும் நிரப்பும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்ததும் பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். பிறகு ஹீட்டரைத் திறந்து வைத்து, தண்ணீர்ப் பாதையில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை கூலன்ட் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், கேனில் அடைத்து மறுசுழற்சிக்கு வாங்குபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஆர்.சி.யில் ஏற வேண்டிய எண்

ஒவ்வோர் எஞ்சினிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே எண் காரின் ஆர்.சி.யிலும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது: எஞ்சின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்த எண் மாற வேண்டும்.

ஆகவே பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: எண் அழிக்கப்படாமல் தெளிவாக இருக்கிறதா, அது எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இருக்கிறதா, விற்பவர் ரசீது தருவாரா. ஒன்று இல்லாவிட்டாலும் அந்த எஞ்சினை வாங்காதீர்கள். கூடவே புது ரப்பர் மவுண்டிங்குகள் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.